துண்டு யாரிடம் இருக்கிறதோ

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் நான் கட்டியது. அந்த வாக்கியத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

"அவரு துண்டை என்கிட்டதானே குடுத்துட்டுப் போனாரு. அப்ப நான்தானே சொல்லணும்?"

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது. எண்பத்திரண்டு, கோடை. [வருடம் சரி. கோடை என்பதில் சந்தேகம் இருக்கிறது. ஜன்னல் கம்பி சுட்டது. அந்தப் பக்கத்தில் தை மாதமும் சுடும்.]

பக்கத்தில் இருந்தவள், "பின்ன?" என்றாள். இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள்.

எதைச் சொல்ல வேண்டும், யாரிடம், துண்டைக் கொடுத்துவிட்டு அவர் எங்கே போனார், எதுவும் தெரியாது. 'போனாரு' என்றால் செத்துப்போனதாக இருக்கலாம். சென்னைக்குப் போனதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் அழுகை இல்லை. ஒரு வழக்கில் தன் பக்கம் தீர்ப்பு வாங்கியவளின் குரல் அது. அந்தக் குரலுக்கு ஒரு வழக்கைக் கட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்:

ஆசுபத்திரி வராந்தாவில் டெட்டால் வாசனை வீசிக்கொண்டு

வேண்டாம். எல்லா ஆசுபத்திரிக் கதையும் அந்த வாசனையில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது:

"காலில்லாமல் நான் உயிரோடு இருந்து என்ன பயன்?" என்றார் சிங்காரவேலு மேஸ்திரி. அவர் கண்கள்

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் படித்தபோது அது சிங்காரவேலு சொன்னதாகத் தோன்றவில்லை. இரண்டு காலும் நன்றாக உள்ள ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்காகச் சொன்னதாகத் தோன்றியது. பிறர் வாயில் இப்படிப்பட்ட சொற்களை வைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது:

கொளஞ்சி வடத்தில் கை வைத்து நின்றான்.

அந்தப் பக்கத்தில் கொளஞ்சி என்று ஆணுக்கும் பெயர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். முதல் படியில் ஆணாக எழுதினேன். கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. பெண்ணாக்கிப் பார்த்தேன். உடனே எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

3

கொளஞ்சி வடத்தில் கை வைத்து நின்றாள்.

கிணறு வெட்டுகிற கூட்டத்தில் அவள் வேலை அதுதான். கீழே மேஸ்திரி, இடுப்பில் வடம். மேலே வடம் உருளுகிற சகடை. சகடைக்கு இந்தப் பக்கம் வடத்தைப் பிடித்து இழுக்க நாலு ஆண்கள். கிணற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அந்த நாலு பேருக்கும் தெரியாது. அவர்கள் வயலைப் பார்த்து இழுப்பவர்கள். விளிம்பில் நின்று, வடத்தில் கை வைத்து, கீழே பார்த்து, இழு என்றும் நிறுத்து என்றும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்லாமல் வடம் நகராது.

கீழே இருப்பவர் வடத்தை ஒருமுறை ஆட்டினால், இருக்கிறேன், பொறு என்று பொருள். இரண்டுமுறை ஆட்டினால், ஏற்று.

இறங்குவதற்கு முன் மேஸ்திரி தன் துண்டை எடுத்து விளிம்பில் நிற்பவர் தோளில் போடுவார். துண்டு யாரிடம் இருக்கிறதோ, மேஸ்திரியின் வாய் அவரிடம் இருக்கிறது. அவர் மேலே வந்து துண்டைத் திரும்ப வாங்கும்வரை நிலத்துக்காரர் சொன்னாலும் வடம் நகராது. கூடப் பிறந்தவர் சொன்னாலும் நகராது.

[கிணறு வெட்டுகிற எல்லாக் கூட்டத்திலும் இந்த வழக்கம் உண்டா என்று கேட்காதீர்கள். இந்தக் கூட்டத்தில் உண்டு.]

சிங்காரவேலுவின் துண்டு முன்பெல்லாம் அவருடைய அண்ணன் அரியமுத்துவின் தோளில்தான் இருந்தது. விக்கிரமங்கலத்தில் நிலம் வைத்திருந்து, அது கைவிட்டுப் போன பிறகு, பிறர் நிலத்தில் கிணறு வெட்ட வந்தவர்கள் அண்ணனும் தம்பியும். சிங்காரவேலுவின் மனைவி கல்யாணமான சில வருடத்தில் இறந்துபோனாள். பிள்ளை இல்லை. கொளஞ்சி அதே ஊரின் காலனியிலிருந்து வந்தவள், புருஷனை இழந்தவள். அப்போது கல் கூடை சுமந்துகொண்டிருந்தாள்.

ஒரு பழைய கிணற்றை ஆழப்படுத்தும்போது அது நடந்தது. உள்ளே காற்று நல்லதா என்று விளக்கை இறக்கிப் பார்த்தார்கள், எரிந்தது. சிங்காரவேலு இறங்கிப் பாறையிடுக்கைக் குத்தினார். கெட்ட காற்று வந்தது. வடத்தில் ஆட்டம் நின்றது.

அரியமுத்து விளிம்பில் மண்டியிட்டு, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நாலு பேரில் ஒருவன், "இழுக்கவா?" என்றான்.

"இருடா. மயங்கிக் கெடக்குறவன இழுத்தா தலை பாறையில இடிக்கும்."

அதில் பொய் இல்லை. கிணறு கீழே போகப் போகக் குறுகலாக இருந்தது. அரியமுத்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கொளஞ்சி கூடையைக் கீழே போட்டாள். வடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் முகத்திலிருந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "இடிச்சா இடிக்கட்டும், ஏத்துங்க" என்றாள்.

நாலு பேரும் துண்டைப் பார்த்தார்கள். இழுத்தார்கள்.

தலை இடித்தது. நெற்றியோரம் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எழுந்து உட்கார்ந்த பிறகு யார் ஏற்றச் சொன்னது என்று சிங்காரவேலு கேட்டார். துண்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்த முறை இறங்கும்போது அதை அவள் தோளிலேயே போட்டார்.

"மண்டையை ஒடைச்சவகிட்டயே இருக்கட்டும்."

பொம்பளை தோளில் துண்டா என்று ஊரில் பேசினார்கள். அந்தத் தெருப் பொம்பளை தோளிலா என்று இன்னும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சிங்காரவேலு, "நீ எறங்கு, நான் ஒன் பொண்டாட்டி தோள்ல போடுறேன்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

அரியமுத்து வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். தம்பியோடு சண்டை இல்லை. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்கு அதன் பிறகு வரவில்லை.

4

சிங்காரவேலுவைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

ஒன்று. ஊற்றுக் கண் திறந்ததும் முதல் கைத் தண்ணீரை அவர்தான் குடிப்பார். நிலத்துக்காரர் மேலேயிருந்து, "எப்படி மேஸ்திரி?" என்பார். அவர் உப்பு என்று எந்தக் கிணற்றையும் சொன்னதில்லை. வாயில் வைக்க முடியாத தண்ணீராக இருந்தாலும், "போகப் போக இனிக்கும்" என்பார். சில கிணறுகள் இனித்திருக்கின்றன. பல கிணறுகளின் சொந்தக்காரர்கள் சந்தையில் அவரைப் பார்த்தால், "என்னா மேஸ்திரி, இன்னும் போகப் போகவா?" என்று கேட்பார்கள். "அவசரப்பட்டா எப்படிங்க?" என்பார்.

இரண்டு. ஒவ்வொரு நாளும் இறங்குமுன் அவரும் கொளஞ்சியும் ஒரே பேச்சைப் பேசுவார்கள்.

"ஆட்டம் இல்லன்னா?"

"ஏத்துவேன்."

"தளவாடம்?"

"கெடக்கட்டும்."

"கடப்பாரை புதுசு."

"கெடக்கட்டுங்கறேன்."

கடப்பாரை ஒரு நாள், சம்மட்டி ஒரு நாள், அப்பன் கொடுத்த உளி ஒரு நாள். பதில் மாறாது. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் காலை உள்ளே வைப்பார்.

[இதை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. தினமும் ஒரே பேச்சை யார் பேசுவார்கள்? பிறகு ஊருக்குப் புறப்படும்போது என் வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துக்கொண்டேன். சாவி எடுத்தாச்சா. எடுத்தாச்சு. சந்தேகத்தை விட்டுவிட்டேன்.]

5

ரெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு கிணறு. பக்கச்சுவரிலிருந்து கல் பெயர்ந்து கணுக்காலுக்கு மேலே விழுந்தது. எலும்பு உடையவில்லை. சதை கிழிந்தது. சிங்காரவேலு மஞ்சளும் பச்சிலையும் அரைத்துக் கட்டிக்கொண்டு, ஈரமண்ணில் நின்று வேலையை முடித்துக் கொடுத்தார். முடித்த பிறகு நடக்க முடியவில்லை. கட்டைப் பிரித்தபோது கால் கறுத்திருந்தது. வாசனை வேறாக இருந்தது. ஜுரத்தில் உளறினார்.

சிமெண்டு மூட்டை ஏற்றி அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போகிற லாரியில் அவரைப் படுக்க வைத்துக் கொளஞ்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தாள். அவரை எடுத்துப் படுக்கையில் போட்டபோது இருவரும் சாம்பல் நிறத்தில் இருந்தார்கள்.

ஆசுபத்திரியில் அறுவை செய்கிற டாக்டர் ஜானகி என்பவர். வயது நாற்பது இருக்கும். குரலை உயர்த்தாதவர். காலைப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார்.

"தொறந்து பாக்கணும். அழுகினதைச் சுரண்டி எடுத்தா போதுமா, காலையே எடுக்கணுமான்னு பாத்தாதான் தெரியும். அப்ப நீங்க மயக்கத்துல இருப்பீங்க. இப்பவே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

[அவரையே கேட்டால் என்ன என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். டாக்டரும் அதைத்தான் நினைத்தார்.]

சிங்காரவேலு யோசித்தார். ஜுரம் சற்று இறங்கியிருந்த நேரம்.

"பாக்காததுக்கு எப்படிம்மா வார்த்தை சொல்றது? மேல நின்னுக்கிட்டு அடியில என்னா பாறைன்னு சொல்றவன் மேஸ்திரி இல்ல."

"அப்ப உள்ள போனப்புறம் நான் யார்கிட்ட கேக்கறது?"

இந்த இடத்தில் அரியமுத்து வந்து சேர்ந்தார். விக்கிரமங்கலத்துக்குச் செய்தி போய், பஸ் பிடித்து வந்திருந்தார். தம்பியின் காலைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனா? நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "சம்மதப் பேப்பர்ல ரேகை நீங்க வைக்கலாம். வெளியில இருங்க. நடுவுல வந்து கேப்பேன்."

அரியமுத்து தலையாட்டினார்.

சிங்காரவேலு தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துண்டை எடுத்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த, சிவப்புக் கரை போட்ட துண்டு. கையைத் தூக்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியின் பக்கமாக அதை நீட்டினார்.

அவள் எழுந்து வாங்கிக்கொண்டாள். தோளில் போட்டாள்.

வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். "என்னாடி இது, கட்சி மீட்டிங்குக்குக் கெளம்பிட்டியா?"

"ஆமாங்க்கா. ஓட்டு ஒண்ணு கொறையுது, வரியா?"

பச்சையம்மாள் சிரித்தாள். டாக்டருக்கு விளங்கவில்லை. அரியமுத்துவுக்கு விளங்கியது. அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் முழுதாக விளங்கியது.

"தம்பி, இது கெணறு இல்ல."

"தெரியுது."

"நாளைக்கு ஊரு என்னா பேசும்? எங்க வூட்டு ஆளுக்கு எங்கேயோ இருந்து வந்தவ வாயாலயா வார்த்தை வரணும்? நான் செத்தா போயிட்டேன்?"

"நீ அழுவுவண்ணே" என்றார் சிங்காரவேலு. குரலில் கோபம் இல்லை. "நீ அழுதுக்கிட்டு இருப்ப. எனக்குத் தெரியாதா? ரேகை நீ வையி. கேக்கறத அவகிட்ட கேக்கட்டும்."

டாக்டர் ஜானகி மூவரையும் பார்த்தார். "ரேகை அண்ணன். கேள்வி இந்தம்மாகிட்ட. இதுதானே?" என்று சிங்காரவேலுவிடம் கேட்டார். ஆமாம் என்றார். "சரி" என்றுவிட்டுப் போனார்.

தள்ளுவண்டி வந்தது. அவரைத் தூக்கி வைத்தார்கள். வண்டி நகரும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஆட்டம் இல்லன்னா?"

"ஏத்துவேன்" என்றாள் கொளஞ்சி.

"தளவாடம்?"

கொளஞ்சி வாயைத் திறந்தாள். அவர் காலைப் பார்த்தாள். கிணற்று விளிம்பில் நின்று மேலேயிருந்து தினமும் பார்த்த கால். முதலில் உள்ளே போவது அதுதான்.

சொல் வரவில்லை.

அவர் காத்திருந்தார். பிறகு வண்டி போய்விட்டது.

6

முதலில் அரியமுத்துவைக் கெட்டவராக எழுதியிருந்தேன். தம்பியின் நிலத்தின்மேல் அவருக்குக் கண். பிறகுதான் நிலம் போய்விட்டது என்று நானே எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. அவரிடமிருந்து அந்தக் காரணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மிச்சமிருந்தது பாசம் மட்டும்தான். பாசம் உள்ளவர் எப்படி எதிர்ப்பக்கம் நிற்பார் என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பழைய கிணறு வரும் பகுதிக்குப் போய் அவர் மண்டியிட்டதை மறுபடி படித்தேன். குழப்பம் தீர்ந்தது.

அவர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். கொளஞ்சிக்கு ஒன்று வாங்கவில்லை.

"இந்தா புள்ள" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நீ என்னா சொல்லுவ?"

"கேட்டாத்தானுங்க சொல்லணும். சுரண்டினாலே போதும்னு வந்துட்டா கேக்கவே மாட்டாங்க."

"கேட்டா?"

கொளஞ்சி கதவைப் பார்த்தாள்.

"ஒத்தக் காலோட அவன ஒரு மூலையில உக்கார வச்சி நான் பாக்கணுமா? என்னால பாக்க முடியாது. கேக்குதா? கெணத்துல எறங்க முடியாத மேஸ்திரி எதுக்கு? அவனே கேப்பான், என்னை ஏன் வச்சீங்கன்னு."

அவள் துண்டின் கரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் கொளஞ்சியை நான் உயர்த்திவிட்டேன் என்று ஆகும். அவளுக்கும் அந்தக் கால் வேண்டும். மேஸ்திரி இறங்காவிட்டால் வடம் இல்லை. வேறெந்தக் கூட்டத்திலும் அவள் தோளில் துண்டு விழாது. மறுபடியும் கல் கூடைதான், மறுபடியும் "ஏய், இங்க வா"தான். விளிம்பில் நின்று நாலு ஆண்களிடம் இழு என்று சொன்ன வாய் அது. நிறுத்து என்றால் அவர்கள் நின்றார்கள். அது போய்விடும். அண்ணன் கேட்பதும் அவள் விரும்புவதும் ஒன்றாகவே இருந்தன. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

'அந்தம்மா வெளியே வராமலே இருக்கட்டும்' என்று நினைத்தாள்.

[நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரை வெளியே அனுப்பாமலே இந்தக் கதையை முடிக்க ஒரு வழி இருந்தது. சுரண்டியதே போதும், எல்லாரும் வீடு திரும்பினார்கள். எழுதிப் பார்த்தேன். யாரும் யாருக்காகவும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

7

டாக்டர் ஜானகி வெளியே வந்தார். கைகளை முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார், எதிலும் படாதபடி.

"முழங்கால் வரைக்கும் போயிட்டுது. மேல நல்ல சதை இருக்கு. முழங்காலுக்கு மேல எடுத்துட்டா பிழைக்க வழி இருக்கு. எடுக்காம கட்டிவிடவும் முடியும், மருந்து ஏத்திப் பாக்கலாம். ஆனா அதுல எனக்கு நம்பிக்கை கொஞ்சம்தான். சீக்கிரம் சொல்லணும்."

"வேண்டாம்மா" என்றார் அரியமுத்து. "காலோட இருக்கட்டும். மருந்து ஏத்திப் பாருங்க."

டாக்டர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கொளஞ்சியைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா."

கொளஞ்சி துண்டில் கை வைத்தாள். உள்ளே, அந்தக் கதவுக்கு அப்பால், அவர் கிடக்கிறார். ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாதபோது என்ன செய்வது என்பதில் அவளுக்கு எப்போதும் குழப்பம் இருந்ததில்லை. பாக்கி இருந்தது இரண்டாவது கேள்வி, தளவாடம். அது இன்னும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. கேட்டவர் பதில் வாங்காமலே உள்ளே போயிருந்தார்.

"கெடக்கட்டும்" என்றாள்.

"என்னது?" என்றார் டாக்டர்.

அரியமுத்து திரும்பினார். "அவன் தளவாடத்தைத்தான் கேட்டான். காலையா கேட்டான்?"

"ஆசுபத்திரிக்கு எந்தத் தளவாடத்தை எடுத்துக்கிட்டு வந்தாருங்க?"

அரியமுத்து அவள் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"கடப்பாரை ரெட்டிபாளையத்துலயே கெடக்கு. சம்மட்டி அங்க. உளி அங்க. வண்டியில படுத்துக்கிட்டு வேற எதைங்க கேட்டாரு?"

"அவனால தாங்க முடியாது. இடிக்கும் புள்ள" என்றார். "இடிக்கும்."

"இடிக்கட்டுங்க."

அவர் தன் நெற்றியோரம் கையை வைத்துக்கொண்டார். தம்பிக்குத் தழும்பு இருக்கும் இடம். பிறகு, டாக்டருக்கு இந்தப் பேச்சு விளங்கவில்லை என்பது நினைவு வந்தவராக, அவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"எடுத்துடச் சொல்றா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னாத்தம்மா சொல்றது?" என்றார் அரியமுத்து. "துண்டு அவகிட்ட இருக்கு."

நர்ஸ் மையை நீட்டினாள். அவர் கட்டைவிரலை வைத்தார். கதவு மூடியது.

அரியமுத்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு டீ இருந்தது. ஒன்றை அவள் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு யோசித்து, அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சக்கரை கம்மி" என்றார். "கொளஞ்சி."

[பஸ்ஸில் கேட்ட வாக்கியம் இந்தப் பகுதியில்தான் வந்திருக்க வேண்டும். வராந்தாவில் அவள் அதை அண்ணனிடம் சொல்வாள் என்று கடைசிவரை காத்திருந்தேன். அவளுக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார். அவள் பிறகு ஒரு நாள் யாரிடமாவது சொல்லியிருப்பாள், நடந்ததைச் சொல்லும்போது, ஏதோ ஒரு பஸ்ஸில்.]

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவதில் சிங்காரவேலு கண் விழிக்கிறார். போர்வை தட்டையாக இருக்கும் இடத்தைப் பார்க்கிறார். சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கொளஞ்சியிடம் பேசவில்லை. அவள் கஞ்சி கொண்டுவருகிறாள், வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு நாள், சுவரைப் பார்த்தபடியே, "உப்பு கம்மி" என்கிறார். இந்த முடிவு உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்குள் இன்னொரு கதை எழுதலாம்.

இரண்டாவதில் ஒரு புதுக் கிணறு. விளிம்பில் பெஞ்சு போட்டு, கட்டை ஊன்றி, சிங்காரவேலு உட்கார்ந்திருக்கிறார். எப்படி வெட்டுவது என்று மேலேயிருந்து சொல்கிறார். "மேல நின்னுக்கிட்டு சொல்றவன் மேஸ்திரி இல்லன்னு சொன்னது நீங்கதானே?" என்று கொளஞ்சி கேட்கிறாள். "நான் நிக்கலியே, உக்காந்துதானே இருக்கேன்" என்கிறார். கீழே இறங்குபவர் வேறு ஒருவர். அவர் துண்டை எடுக்கிறார். யார் தோளில் போடுவது என்று பார்க்கிறார். வடத்தில் ஏற்கெனவே கை வைத்து நிற்பவள் தோளில் போடுகிறார். ஊற்று திறந்ததும் முதல் தண்ணீர் வாளியில் மேலே வருகிறது. சிங்காரவேலு ஒரு கை அள்ளிக் குடிக்கிறார். நிலத்துக்காரர் கேட்கிறார். அவர் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜுரம் இறங்கவில்லை. அதையும் எழுதினேன். அதை அடிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதனாலேயே அதை முடிவு என்று நான் வைக்கக் கூடாது. பிடித்ததைச் சொல்வதற்குத் துண்டு வேண்டாம். அரியமுத்து துண்டு இல்லாமலே சொன்னார்.

ஆகவே துண்டை உங்களிடம் தருகிறேன். உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லாதீர்கள். எனக்குப் பிடித்ததையும் சொல்லாதீர்கள். சிங்காரவேலுவாக இருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்று பாருங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். உப்புத் தண்ணீரைப் பற்றி அவர் சொல்கிற பொய்யும் தெரியும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துகொள்கிறேன்.

வார்டு. பகல். பச்சையம்மாள் கூட்டி முடித்துவிட்டாள். அரியமுத்து ஜன்னலோரம் நிற்கிறார், அழவில்லை. சிங்காரவேலு மயக்கத்தில் கிடக்கிறார். கொளஞ்சி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, ஒரு முனையை அவர் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிடுகிறாள். மறுமுனை அவள் கையில் இருந்தது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

பிடித்திருங்கள்.

ஒருமுறை ஆடியது. ஒருமுறை ஆடினால் என்ன பொருள் என்று மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.